நேர்க்கோட்டின் சமன்பாடு: நான்கு வாய்பாடு, ஒரே கணக்கு

கேள்வி இதுதான். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் நேர்க்கோட்டின் சமன்பாட்டுக்குச் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம், புள்ளி–சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம் என்று நான்கு வாய்பாடுகள் வருகின்றன. எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது? (−2, 5), (4, −7) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் கோட்டுக்கு ஒய் = −2 எக்ஸ் + 1 என்று விடை வந்தது; விடைப் பக்கத்திலோ 2 எக்ஸ் + ஒய் − 1 = 0 என்று இருக்கிறது. வந்த விடை தப்பா? (3, 1), (3, 8) என்ற புள்ளிகளுக்கு எந்த வாய்பாடும் வேலை செய்யவில்லையே, ஏன்? இவ்வளவும் படித்து எங்கே பயன்படப் போகிறது?

நான்கும் நல்ல கேள்விகள். எக்ஸ், ஒய் என்று ஒலிப்படியே தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன். நோட்டில் நீங்கள் வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள். இலங்கைப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் நான் சாய்வு என்னும் இடத்தில் படித்திறன் என்று வைத்துப் படிக்கவும்.

நான்கு வாய்பாட்டையும் நான்கு தனித்தனிச் சரக்காக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு கருத்து. அது பிடிபட்டுவிட்டால் எந்த வாய்பாடு என்ற கேள்வியே எழாது. அதற்கு முன்னால், சமன்பாடு என்பது இங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பிலிருந்து சமன்பாடு என்றால் எக்ஸைக் கண்டுபிடிப்பது என்றே பழகிவிட்டோம். 3 எக்ஸ் + 2 = 14 என்றால் எக்ஸ் = 4, கணக்கு முடிந்தது. அதே பழக்கத்தோடு ஒய் = −2 எக்ஸ் + 1 என்பதைப் பார்த்தால் கண்டுபிடிக்க எதுவுமே இருக்காது. எக்ஸும் ஒய்யும் கடைசிவரை அப்படியே நிற்கும். ஏனென்றால் இது ஒரு நிபந்தனை. தாளில் எங்கே இருக்கும் புள்ளியையும் கொண்டுவந்து இதில் போட்டுப் பார்க்கலாம். பொருந்தினால் அது கோட்டின் மேல் இருக்கிறது, பொருந்தாவிட்டால் இல்லை. (3, −5) என்ற புள்ளியைப் போடுங்கள்: −2 × 3 + 1 = −5. பொருந்துகிறது. (3, −4) என்ற புள்ளியைப் போடுங்கள்: வலப்பக்கம் −5, இடப்பக்கம் −4. பொருந்தவில்லை, அந்தப் புள்ளி கோட்டுக்கு நேர்மேலே ஓர் அலகு தள்ளி நிற்கிறது. கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நிபந்தனைக்குப் பொருந்த வேண்டும். நிபந்தனைக்குப் பொருந்தும் ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மேல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது அந்தக் கோட்டின் சமன்பாடு.

அப்படியானால் நாம் தேட வேண்டியது, ஒரு புள்ளி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று சொல்லும் நிபந்தனையை. கோடு நேராக இருக்கிறது என்பதை எண்ணில் எப்படிச் சொல்வது?

சாய்வைக் கொண்டு சொல்லலாம். கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒய் எவ்வளவு மாறியது என்பதை எக்ஸ் எவ்வளவு மாறியது என்பதால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. நேர்க்கோட்டின் தனித்தன்மை இதுதான்: எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இந்த ஈவு மாறாது. அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்து ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்து இன்னொன்று வரையுங்கள். இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள், ஆகவே பக்கங்களின் விகிதம் ஒன்றே. வடிவொத்த முக்கோணப் பாடத்தில் படித்ததுதான் இங்கே வந்து வேலை செய்கிறது.

நேராக இல்லாத ஒன்றில் இந்த ஈவு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, சுமார் 46 கிலோமீட்டர் ஓடி, 2,203 மீட்டர் உயரத்தில் உதகமண்டலம் போய்ச் சேர்கிறது. 1,877 மீட்டர் ஏற்றத்தை 46 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40.8 மீட்டர். பாதை ஒரே சீராக ஏறுவதாக வைத்துக்கொண்டால், தூரத்தை எக்ஸ் என்றும் உயரத்தை ஒய் என்றும் குறித்து,

ஒய் = 40.8 எக்ஸ் + 326

என்று எழுதலாம். நடுவில் இருக்கும் குன்னூரை இதில் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து தண்டவாள வழியே சுமார் 27 கிலோமீட்டர். சமன்பாடு கொடுப்பது 40.8 × 27 + 326, அதாவது 1,428 மீட்டர். குன்னூர் நிலையமோ சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புள்ளி கோட்டுக்கு மேலே போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாய்வு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 51 மீட்டர், குன்னூர்–உதகை சாய்வு ஏறத்தாழ 26 மீட்டர். இரண்டும் வேறு வேறு, ஆகவே மூன்று ஊர்களும் இந்தப் படத்தில் ஒரே கோட்டில் அமையவில்லை. குன்னூருக்குக் கீழே, கல்லாறு முதல் உள்ள பகுதியில் ஏற்றம் சில இடங்களில் 12-க்கு 1 வரை போகிறது. கிலோமீட்டருக்கு 83 மீட்டர். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் அந்தப் பகுதியில் மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட பட்டை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். சாய்வு என்ற எண் எவ்வளவு கனமானது என்பதை அந்த ரயிலில் ஏறியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று தேர்வில் கேட்டாலும் செய்ய வேண்டியது இதே வேலைதான்: முதல் இரண்டுக்குச் சாய்வு, அடுத்த இரண்டுக்குச் சாய்வு, ஒப்பிடுங்கள். முக்கோணத்தின் பரப்பு பூச்சியம் என்று காட்டும் நீளமான வழியும் உண்டு. கேள்வியில் அப்படிக் கேட்டால் ஒழிய நான் அதைத் தொடமாட்டேன்.

இனி உங்கள் கணக்கு. (−2, 5), (4, −7).

சாய்வு = (−7 − 5) ÷ (4 − (−2)) = −12 ÷ 6 = −2

கோட்டில் ஒரு புள்ளி (−2, 5) என்று தெரியும். சாய்வு −2 என்றும் தெரியும். இப்போது முகம் தெரியாத ஒரு புள்ளி (எக்ஸ், ஒய்) வருகிறது. அது இந்தக் கோட்டில் இருக்க வேண்டுமானால், தெரிந்த புள்ளியிலிருந்து அதற்குப் போகும் சாய்வும் −2 ஆகத்தான் இருக்க வேண்டும். அதை அப்படியே எழுதுங்கள்:

(ஒய் − 5) ÷ (எக்ஸ் + 2) = −2

அவ்வளவுதான். நிபந்தனை கிடைத்துவிட்டது. இதற்கு மேல் செய்வதெல்லாம் ஒழுங்குபடுத்தும் வேலை. வகுத்தியைக் குறுக்கே பெருக்கினால்

ஒய் − 5 = −2 (எக்ஸ் + 2)

அடைப்பை நீக்கினால் ஒய் = −2 எக்ஸ் + 1. குறுக்கே பெருக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு, வகுப்பில் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறோம். வகுத்தல் வடிவில் (−2, 5) என்ற புள்ளியையே போட்டால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும். அதாவது எந்தப் புள்ளியை வைத்துத் தொடங்கினோமோ அந்தப் புள்ளி மட்டும் விடுபட்டுப்போகும். பெருக்கல் வடிவில் 0 = 0 என்று ஒழுங்காகப் பொருந்துகிறது. ஆகவே விடையை வகுத்தல் வடிவிலேயே விட்டுவிடாமல் பெருக்கி எழுதுவது வெறும் அழகுக்காக அல்ல.

இப்போது நான்கு வாய்பாடுகளையும் பாருங்கள். ஒரு புள்ளியும் சாய்வும் தெரிந்தபோது மேலே எழுதியது புள்ளி–சாய்வு வடிவம். சாய்வைத் தராமல் இரண்டு புள்ளிகளைத் தந்தால், சாய்வு இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கணக்கிடும் பின்னத்தையே வைத்துவிட்டால் இரு புள்ளி வடிவம். தெரிந்த புள்ளி ஒய் அச்சின் மேலேயே இருந்தால், அதாவது (0, சி) என்று இருந்தால், சாய்வை எம் என்று குறித்தால் ஒய் − சி = எம் (எக்ஸ் − 0) என்று வரும்; சியை வலப்பக்கம் தள்ளினால் எல்லோர் வாயிலும் இருக்கும் ‘ஒய் ஈக்குவல் டு எம் எக்ஸ் ப்ளஸ் சி’. இரண்டு புள்ளிகளும் அச்சுகளின் மேலேயே இருந்தால் வெட்டுத்துண்டு வடிவம். கடைசியை மட்டும் ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். எக்ஸ் வெட்டுத்துண்டு 4, ஒய் வெட்டுத்துண்டு 3 என்றால் புள்ளிகள் (4, 0), (0, 3). சாய்வு −3/4. ஆகவே ஒய் = −(3/4) எக்ஸ் + 3. நான்கால் பெருக்கினால் 3 எக்ஸ் + 4 ஒய் = 12. பன்னிரண்டால் வகுத்தால்

எக்ஸ்/4 + ஒய்/3 = 1

வெட்டுத்துண்டுகள் இரண்டும் கீழே வகுத்திகளாக உட்கார்ந்திருக்கின்றன. பார்த்த உடனே வரையலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் வசதி. ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோட்டுக்கு இது உதவாது, ஏனென்றால் இரண்டு வெட்டுத்துண்டுகளும் பூச்சியமாகிவிடும். ஓர் அச்சுக்கு இணையான கோட்டுக்கும் உதவாது, அந்த அச்சை அது வெட்டுவதே இல்லை.

எனவே எதைப் போடுவது என்று கேட்டால் என் பதில்: சாய்வைக் கண்டுபிடியுங்கள், ஒரு புள்ளியை எடுங்கள், புள்ளி–சாய்வு வடிவத்தில் எழுதுங்கள். இரு புள்ளி வடிவத்தை நேராகப் போட்டால் நான்கு எண்களும் நான்கு கழித்தல் குறிகளும் ஒரே வரியில் வந்து நிற்கும். குறி தவறும் வாய்ப்பு அதிகம். சாய்வைத் தனி வரியில் கண்டுவிட்டால் அது குறைகிறது. கேள்வியில் இன்ன வடிவத்தைப் பயன்படுத்தி என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் அதையே போடுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.

அடுத்து (3, 1), (3, 8). சாய்வு காணப் போனால் 7-ஐ 0-வால் வகுக்க வேண்டும். முடியாது. சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும். சாய்வு பூச்சியம் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறைய. பூச்சியச் சாய்வு என்பது படுகிடையான கோடு, இதுவோ செங்குத்தாக நிற்கும் கோடு. நான்கு வாய்பாடும் இங்கே கைவிடுவதற்குக் காரணம், அவை எல்லாமே ஏதோ ஒரு வகுத்தலின் மேல் நிற்கின்றன. வாய்பாட்டை விட்டுவிட்டு நிபந்தனைக்குத் திரும்புங்கள். இந்தக் கோட்டில் உள்ள புள்ளிகளுக்குப் பொதுவானது என்ன? (3, 1), (3, 8), (3, −20), (3, 100). ஒய் எதுவாகவும் இருக்கலாம், எக்ஸ் மட்டும் 3. ஆகவே சமன்பாடு

எக்ஸ் = 3

ஒய் காணாமல் போய்விட்டதே என்று தயங்க வேண்டாம். ஒய்யின் மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அதேபோல (1, 6), (9, 6) வழியே செல்லும் கோடு ஒய் = 6.

எல்லாக் கோடுகளையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர விரும்பினால் அதற்குத்தான் பொது வடிவம்: ஒரு கெழு பெருக்கல் எக்ஸ், கூட்டல் ஒரு கெழு பெருக்கல் ஒய், கூட்டல் ஒரு மாறிலி, சமம் பூச்சியம். இரண்டு கெழுக்களும் ஒருசேரப் பூச்சியமாக இல்லாதவரை இது எப்போதும் ஒரு நேர்க்கோடுதான். எக்ஸ் = 3 என்பது 1 எக்ஸ் + 0 ஒய் − 3 = 0 ஆகி அதில் அடங்கிவிடுகிறது. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சுக்காரரான பியேர் த ஃபெர்மா. இரண்டு தெரியாத அளவுகள் முதற்படியில் மட்டும் வரும் சமன்பாடு நேர்க்கோட்டைக் குறிக்கும் என்று அவர் எழுதிய ஏடு, இன்னொரு பிரெஞ்சுக் கணிதரான டேகார்ட் தம் ‘வடிவியல்’ நூலை வெளியிட்ட 1637-ஐ ஒட்டிய காலத்தில் பாரிஸ் கணிதர்களிடையே கையெழுத்துப் படியாகச் சுற்றியது. அச்சில் வந்தது 1679-இல், அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து. தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய் என்று அகரவரிசையின் கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கம் டேகார்டிடமிருந்து வந்தது. அவர்கள் இருவரும் குறை எண்களை ஆயத்தொலைவுகளாகக் கொள்ளவில்லை. நாம் இன்று நான்கு கால் பகுதிகளோடு வரையும் படம் பின்னால் வந்தவர்கள் நிரப்பியது.

இனி விடைப் பக்கத்துச் சிக்கல். ஒய் = −2 எக்ஸ் + 1 என்பதில் வலப்பக்கத்தை முழுக்க இடப்பக்கம் கொண்டுபோனால் 2 எக்ஸ் + ஒய் − 1 = 0. உங்கள் விடை சரி. இதை இரண்டால் பெருக்கி 4 எக்ஸ் + 2 ஒய் − 2 = 0 என்று எழுதினாலும் அதே கோடுதான், குறிகளை எல்லாம் மாற்றி −2 எக்ஸ் − ஒய் + 1 = 0 என்று எழுதினாலும் அதே கோடுதான். ஒரு புள்ளி ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றவற்றுக்கும் பொருந்தியே தீரும். பழக்கத்துக்காக எக்ஸின் கெழுவை மிகை எண்ணாக வைத்து, பொதுக்காரணியை வகுத்துவிட்டு, பின்னம் இல்லாமல் எழுதுகிறோம்.

விடை சரியா என்று பார்க்க விடைப் பக்கம் தேவையே இல்லை. கொடுத்த இரண்டு புள்ளிகளையும் உங்கள் சமன்பாட்டில் போடுங்கள். (−2, 5): 2 × (−2) + 5 − 1 = 0. (4, −7): 8 − 7 − 1 = 0. இரண்டும் பொருந்துகின்றன. இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் செல்ல முடியும்; ஆகவே முதற்படிச் சமன்பாடு ஒன்று இரண்டுக்கும் பொருந்திவிட்டால் அது வேறு எந்தக் கோடாகவும் இருக்க வழியில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைத் தேர்வில் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். புள்ளி–சாய்வு வடிவத்தில் எழுத எடுத்துக்கொண்ட புள்ளியை மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சாய்வைத் தவறாகக் கண்டிருந்தாலும் அந்தப் புள்ளி பொருந்திவிடும். இரண்டாவது புள்ளிதான் தவறைக் காட்டிக்கொடுக்கும்.

தவறு வழக்கமாக நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சாய்வில் மேலே இரண்டாம் புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது ஒன்று. எந்த வரிசை என்பது முக்கியமில்லை, மேலும் கீழும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். அடுத்தது பின்னச் சாய்வு. (−1, 2) வழியே சாய்வு 3/4 கொண்ட கோடு என்றால்

ஒய் − 2 = (3/4)(எக்ஸ் + 1)

நான்கால் பெருக்கும்போது 4 ஒய் − 2 என்று எழுதிவிடுவார்கள். இடப்பக்கம் முழுவதும் பெருக வேண்டும்: 4 ஒய் − 8 = 3 எக்ஸ் + 3. ஆகவே 3 எக்ஸ் − 4 ஒய் + 11 = 0. மூன்றாவது, பொது வடிவிலிருந்து சாய்வை எடுக்கும்போது குறியை மறப்பது. 3 எக்ஸ் − 4 ஒய் + 11 = 0 என்றால் சாய்வு −3 ÷ −4, அதாவது 3/4. எக்ஸின் கெழுவுக்குக் குறியை மாற்றி, ஒய்யின் கெழுவால் வகுக்க வேண்டும். மறந்துபோகும் என்று பயமாக இருந்தால் ஒய்யைத் தனியே பிரித்து எழுதிப் பாருங்கள், சாய்வு தானே வந்து நிற்கும்.

இணைகோடு, செங்குத்துக்கோடு கேட்கும் கணக்குகளில் சாய்வையே தொடாமல் செய்யும் குறுக்கு வழி உண்டு. இணைகோடு என்றால் எக்ஸ், ஒய் கெழுக்கள் அப்படியே, மாறிலி மட்டும் புதிது. செங்குத்து என்றால் கெழுக்களை இடம் மாற்றி ஒன்றின் குறியை மாற்றுங்கள். 2 எக்ஸ் + ஒய் − 1 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக (4, −7) வழியே செல்லும் கோடு வேண்டும் என்றால் எக்ஸ் − 2 ஒய் + கே = 0 என்று எழுதி, புள்ளியைப் போட்டால் 4 + 14 + கே = 0, கே = −18. விடை எக்ஸ் − 2 ஒய் − 18 = 0. ஏன் இப்படி? முதல் கோட்டில் ஓரடி வலப்பக்கம் போனால் இரண்டடி இறங்குகிறோம். அந்த நகர்வைத் தொண்ணூறு பாகை திருப்பினால் இரண்டடி வலப்பக்கம், ஓரடி ஏற்றம். சாய்வு −2 ஆக இருந்தது 1/2 ஆகிவிட்டது, பெருக்கினால் −1. சாய்வுகளின் பெருக்கல் −1 என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது.

கடைசிக் கேள்வி, பயன். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மானியிலேயே ஒரு நேர்க்கோடு இருக்கிறது. பனிக்கட்டி உருகுவது 0 டிகிரி செல்சியஸ், 32 டிகிரி ஃபாரன்ஹீட். நீர் கொதிப்பது 100, 212. ஆக (0, 32), (100, 212) என்று இரண்டு புள்ளிகள். சாய்வு 180 ÷ 100 = 9/5. முதல் புள்ளி ஒய் அச்சிலேயே இருப்பதால் வெட்டுத்துண்டு 32.

ஃபாரன்ஹீட் = (9/5) × செல்சியஸ் + 32

37-ஐப் போட்டால் 66.6 + 32 = 98.6, உடலின் இயல்பு வெப்பநிலையாக நாம் சொல்லிக்கொள்ளும் அந்த எண். சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் இங்கே வேறு வேறு பொருள் இருப்பதைக் கவனியுங்கள். காய்ச்சல் 100-இலிருந்து 104-க்கு ஏறியது, 4 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது என்றால் செல்சியஸில் எவ்வளவு ஏற்றம்? 32-ஐக் கழிக்கப் போகக் கூடாது. ஏற்றத்தைக் கேட்கும்போது சாய்வு மட்டும்தான் வேலை செய்யும்: 4 × 5/9, ஏறத்தாழ 2.2 டிகிரி. வெட்டுத்துண்டு, அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் எது என்று கேட்டால், ஒய் = எக்ஸ் என்ற கோடு இதை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். எக்ஸ் = (9/5) எக்ஸ் + 32, எக்ஸ் = −40.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்தது வாயுக்களின் கோடு. அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவைச் சூடாக்கினால் அதன் கன அளவு நேர்க்கோட்டில் கூடுகிறது என்று 1802-இல் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லூசாக் காட்டினார். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளின்படி, 0 டிகிரி செல்சியஸில் 100 கன அளவு இருக்கும் வாயு 100 டிகிரியில் ஏறத்தாழ 136.6 ஆகிறது. புள்ளிகள் (0, 100), (100, 136.6). சாய்வு 0.366.

கன அளவு = 0.366 × வெப்பநிலை + 100

எக்ஸ் வெட்டுத்துண்டு காணுங்கள், அதாவது கன அளவு பூச்சியமாகும் வெப்பநிலை: −100 ÷ 0.366, ஏறத்தாழ −273. காற்று, ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று எந்த வாயுவை எடுத்தாலும், எவ்வளவு எடுத்தாலும், கோடுகளின் சாய்வு மாறும். ஆனால் எல்லாக் கோடுகளும் எக்ஸ் அச்சில் ஏறத்தாழ இந்த ஒரே புள்ளியைத்தான் போய்த் தொடுகின்றன. அங்கே எந்த வாயுவும் வாயுவாக இருப்பதில்லை. ஆக்சிஜன் −183 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அளந்த இடத்தைத் தாண்டிக் கோட்டை நீட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த நீட்டல் வெறும் கற்பனையாகப் போகவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் 1848-இல் தனிவெப்பநிலை அளவை முன்வைத்தபோது, குளிருக்கு ஓர் எல்லை உண்டு, அது செல்சியஸில் −273 அருகே இருக்கிறது என்று குறிப்பிட்டார். இன்று −273.15 என்று எழுதுகிறோம். யாரும் போய்த் தொட்டிராத வெப்பநிலை ஒன்று, பத்தாம் வகுப்பில் எக்ஸ் வெட்டுத்துண்டு காணும் அதே ஒரு வரியில் கிடைக்கிறது.

உண்மையான சோதனையில் அளவுகள் இவ்வளவு ஒழுங்காக ஒரே கோட்டில் விழா. பத்து அளவு எடுத்தால் பத்தும் கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கும். எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தாலும் சாய்வு கொஞ்சம் மாறும். அப்போது இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பாமல், எல்லாப் புள்ளிகளின் விலகல்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகச் சிறியதாக இருக்கிறதோ அந்தக் கோட்டை எடுத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட இந்த வழிக்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகக் கணிதம் எடுப்பவர்கள் காலம்சார் தொடர் வரிசையில் இதைச் செய்வார்கள். அங்கே ஒய் = ஏ + பி எக்ஸ் என்று எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும்: ஏ வெட்டுத்துண்டு, பி சாய்வு.